சாண்டோவின் தோளும் மௌனப்படத்தின் குத்தும்

எடிசனின் ஸ்டூடியோவில் 1894-ஆம் ஆண்டு இரண்டு வகை உடல்கள் காமிராவுக்கு முன் வந்து நின்றன. தேகப்பயிற்சி வீரர் யூஜின் சாண்டோ தோளையும் மார்பையும் முறுக்கிக் காட்டியது ஒன்று. குத்துச்சண்டை வீரர்களான லெனார்டும் குஷிங்கும் கையுறை மாட்டி மோதியது மற்றொன்று. மோதல் ஆறு சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் அன்றைய படச்சுருள் தாங்காது. ஆனால் 1897-இல் நெவாடாவில் எடுத்த கார்பெட் – ஃபிட்ஸிம்மன்ஸ் சண்டைப் படம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கதைப்படங்கள் சில நிமிடங்களில் முடிந்துபோன காலம் அது!

தமிழ்நாட்டில் நடமாடும் சினிமாவின் கதை திருச்சியில் தொடங்குகிறது. தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்ததும் ஏறத்தாழ அதே சமயம்தான்.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதுபோல, சாண்டோவின் உடல், குத்துச்சண்டை வீரனின் உடல் என்ற அந்த இரண்டும் அதன்பின் வெவ்வேறு வழியில் போயின. மேல்நாட்டில் குத்துச்சண்டை கதையானது. ஹிட்ச்காக்கின் 'தி ரிங்' (1927) திருவிழாக் கொட்டகையில் தொடங்குகிறது. எதிர்ப்பவரை முதல் சுற்றிலேயே வீழ்த்திவிடுபவன் ஜாக். சுற்று எண்ணைக் காட்டும் அட்டையில் '1' அழுக்கேறிக் கிழிந்திருக்கும். '2' புத்தம் புதிது. இரண்டாம் சுற்றுவரை எவனும் நின்றதில்லை என்பதைச் சொல்ல ஹிட்ச்காக்குக்கு ஒரு வசன அட்டைகூடத் தேவைப்படவில்லை.

இங்கே வந்தது சாண்டோவின் கிளை. புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம், தேகப்பயிற்சியால் ராஜா சாண்டோ ஆனார். பம்பாய்க்குப் போய், பட்டாங்கரின் படக் கம்பெனியில் சண்டை நடிகராகச் சேர்ந்தார். அவரை வெறும் புஜபலம் என்று ஒதுக்குவது தவறு. ஹோமி மாஸ்டரின் 'பிஸ்மி சதி'யில் (1924) தெருவில் கூவி விற்றவன் மில் முதலாளியாகும் வேடம்; 'குணசுந்தரி'யில் (1927) நடிகை கோஹருக்கு ஜோடி. உடம்பைக் காட்டி உள்ளே நுழைந்தவர், சமூகக் கதையின் நாயகனாக நிலைத்தார்.

சென்னைக்குத் திரும்பி ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸில் இயக்குநரானபோதும் அவர் சண்டைக் களத்தைத் தேடவில்லை. 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', வை.மு. கோதைநாயகியின் நாவலிலிருந்து 'அநாதைப் பெண்' (1931) என்று போனார். பேசும்படக் காலத்தில் 'மேனகா' (1935). தமிழ்த் திரையில் சண்டை, நாயகனின் உடலோடு ஒட்டிய அலங்காரமாகவே நெடுங்காலம் இருந்ததற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம் எனலாம். குத்துச்சண்டை வீரனின் வாழ்வே கதையாக விரியும் படங்கள் கவனம் பெற, 'பூலோகம்' (2015), 'இறுதிச்சுற்று' (2016), வடசென்னைப் பரம்பரைகளைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' (2021) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ராஜா சாண்டோ பெயரில் தமிழக அரசு விருது வழங்குகிறது. ஆனால் அவர் சென்னையில் எடுத்த மௌனப்படங்கள் பார்க்கக் கிடைப்பதில்லை. தென்னிந்திய மௌனப்படங்களில் எஞ்சியதாகச் சொல்லப்படுவது, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கும் 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றுதான்.