உப்புப் பொடி போன்ற புள்ளிகள்

பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்து அகற்றப்பட்ட மார்பகங்களை எக்ஸ்-ரே படம் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து இருபது அல்ல, சுமார் 3,000. புற்றுநோய் அக்குள் நெறிக்கட்டிகளுக்கு எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது அவர் நோக்கம். 1913இல் வெளியான அவரது ஆய்வில், சில கட்டிகளின் நடுவே பொடிப் புள்ளிகள் தெரிந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தப் புள்ளிகளின் பொருள் அவருக்கே பிடிபடவில்லை.

யூதரான அவரை நாஜிகள் 1938இல் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைத்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். ஓவியரான மகள் சார்லட் சாலமன் 1943இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

அந்தப் புள்ளிகளுக்குப் பொருள் சொன்னவர் உருகுவே நாட்டு ராவுல் லெபோர்ன். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில், புற்றுநோய் உள்ள மார்பகங்களில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தில் உப்புப் பொடி தூவியதுபோல் கால்சியம் துகள்கள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். கட்டி கைக்குத் தட்டுப்படும் முன்பே இவை படத்தில் விழக்கூடும். ஆனால் படம் துல்லியமாக இருக்க வேண்டும். மார்பகத்தை அழுத்தித் தட்டையாக்கி எடுக்கும் முறையை அவர் வலியுறுத்தியது அதனால்தான். தடிமன் குறைந்தால் கதிர் சிதறுவது குறையும், அசைவால் படமும் கலங்காது. இன்றும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே எடுத்துவிட்டு வரும் பெண்கள் "நசுக்கிவிட்டார்கள்" என்று நொந்துகொள்வது இந்த அழுத்தத்தைத்தான். நியாயமான புகார், ஆனால் மேமோகிராமுக்கு அந்த அழுத்தம் இன்னும் தேவைப்படுகிறது.

ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன், தொழிற்சாலைகளில் உலோகத்தைச் சோதிக்கும் நுண்மணிப் படச்சுருளை 1960 வாக்கில் மார்பகத்துக்குப் பயன்படுத்தினார். ஸ்ட்ராஸ்பர்கில் சார்ல் குரோ, மாலிப்டினக் குழாய் பொருத்திய தனிக் கருவியை உருவாக்கினார். படம் தெளிந்தது. அது உயிரைக் காப்பாற்றுகிறதா என்பது வேறு கேள்வி.

நியூயார்க்கில் பிலிப் ஸ்ட்ராக்ஸ், சாம் ஷப்பைரோ, லூயி வெனட் மூவரும் 1963 இறுதியில் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஸ்ட்ராக்ஸின் மனைவியே இளம் வயதில் இந்த நோய்க்குப் பலியானவர். 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 62,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைப்பு விடுத்தார்கள். பத்தாண்டுகளில் அந்தப் பாதியில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்தன. ஆனால் அங்கே படத்தோடு மருத்துவர் கையால் தடவிப் பார்ப்பதும் சேர்ந்திருந்தது. பல கட்டிகளைக் கண்டுபிடித்தது விரல்கள்தான். பெருமை யாருக்கு? சுவீடனில் லாஸ்லோ தாபார் 1977இல் தொடங்கிய ஆய்வில் படம் மட்டுமே. 1985இல் வந்த அதன் முடிவும் 31 சதவீதக் குறைவைக் காட்டியது.

இதற்குள் படங்கள் குவிந்துவிட்டன. அவற்றைப் பார்க்கும் கண்கள் போதவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழுவில் ஹீங்-பிங் சான் 1980களில் செய்த வேலை, இந்த வரலாற்றில் அழகான பகுதி என்று சொல்லலாம். ஒரே படத்தை இரண்டு விதமாக மாற்றுவது: ஒன்றில் நுண்புள்ளிகள் தூக்கலாகும், மற்றதில் அமுங்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் புள்ளிகள் மிஞ்சும். கணினியின் துணையோடு பார்த்த ரேடியாலஜிஸ்டுகள் புள்ளிக் கொத்துகளைக் கூடுதலாகக் கண்டுபிடிப்பதை 1990இல் இக்குழு நிறுவியது. 1998இல் அமெரிக்க அரசின் ஒப்புதலோடு இத்தகைய மென்பொருள் சந்தைக்கு வந்தது.

மருத்துவமனைகளில் கதை வேறாகப் போனது. 2007இல் வெளியான, 43 மையங்களை ஆராய்ந்த ஆய்வு, மென்பொருள் வந்த இடங்களில் தேவையற்ற எச்சரிக்கைகளும் திசுச் சோதனைகளும் கூடியதையும் துல்லியம் குறைந்ததையும் காட்டியது. படங்களிலிருந்து தாமே கற்றுக்கொள்ளும் புதிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதைவிட மேல்: சுவீடனில் சுமார் 80,000 பெண்களிடம் நடந்த சோதனையில், படம் பார்க்கும் பணிச்சுமை 44 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது.

புள்ளியைக் கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் இப்போது விவாதம் சூடாக இருக்கிறது. பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய ஆரம்பநிலைப் புற்று பெரும்பாலும் இந்தத் துகள்களால்தான் தெரியவருகிறது. அதில் எல்லாமே பரவுவதில்லை. ஆபத்து குறைந்த வகை உள்ள 957 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் பரவும் வகைப் புற்று, வழக்கமான சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 5.9 சதவீதம், அறுவை செய்யாமல் கண்காணிக்க ஒதுக்கப்பட்டவர்களில் 4.2 சதவீதம். இரண்டு ஆண்டு குறுகிய காலம் என்பதால் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.