ஆயி மண்டபத்தின் நிழலில் ஒரு கேள்வி

தவளக்குப்பத்தில் பேருந்து ஏறினால் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டிப் புதுவை நகரம். அங்கிருந்து நடந்து, ஒரு காலத்தில் 'வெள்ளை நகரம்', 'கறுப்பு நகரம்' என்று ஊரைப் பிரித்த வாய்க்காலைக் கடந்தால் பாரதி பூங்கா. அதன் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இருப்பது இதுதான். அதன் முன் செல்ஃபி எடுக்கும் மாணவத் தோழர்கள், அடுத்தமுறை ஐந்து நிமிடம் அதன் நிழலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிருஷ்ணதேவராயர் மந்திரி அப்பாஜியுடன் இந்தப் பக்கம் வருகிறார். விளக்கொளியில் மின்னும் ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் அவருக்கு அவமானம். இடிக்கச் சொல்கிறார். ஆயி, தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டித் தருவதாகக் கேட்டு வாங்குகிறாள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் (1852–1870) முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தபோது, அதன் நினைவாகக் கிரேக்க, ரோமானியப் பாணியில் இந்த மண்டபம் எழுந்தது.

இதைத் தியாகக் கதை என்கிறார்கள். மறுபடி படித்துப் பாருங்கள். தவறு செய்தது ராஜா. வீடு இழந்தது ஆயி. 'கும்பிடத் தகாதவள்' வீட்டைக் கும்பிட்டுவிட்டோம் என்ற தீட்டு உணர்ச்சிதான் அந்த உத்தரவு. கதையில் ராஜாவுக்குப் பெயர் உண்டு, மந்திரிக்குப் பெயர் உண்டு. குளத்தில் இறங்கி மண் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை.

இதே காலத்தில் வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். 1868-ல் புனேயில் ஜோதிராவ் புலே, தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். 1870–71 முற்றுகையில் பாரிஸ் நகரம் தண்ணீருக்குத் தவித்தது. அதன்பின் 1872-ல் ரிச்சர்ட் வாலஸ் என்ற செல்வந்தர் ஏழைகளுக்காகத் தெருக்களில் குடிநீர் ஊற்றுகளை அமைத்துக் கொடுத்தார். நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கும் அந்தப் பச்சை இரும்பு ஊற்றுகளைப் பார்க்க இன்றும் பயணிகள் தெருத்தெருவாக நடக்கிறார்கள். அவற்றில் சங்கிலியில் கட்டிய குவளைகள் தொங்கின. வழியில் போகும் யாரும் அதே குவளையில் குடிக்கலாம். சுகாதாரத்தைக் காரணம் காட்டி 1952-ல்தான் அவற்றை எடுத்தார்கள். நம் டீக்கடைகளின் தனிக் குவளையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழைக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மம். ஒரே குவளையைக் கொடுப்பது சமத்துவம்.

அந்தச் சமத்துவத்துக்கு நாம் போராட வேண்டியிருந்தது. சென்னை மாகாண சட்டமன்றத்தில், பொதுக் கிணறுகளும் குளங்களும் பாதைகளும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். மகாராஷ்டிராவின் மகாத் நகராட்சி தன் சவுதார் குளத்தை ஏட்டில் திறந்துவிட்டிருந்தும், 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்த உரிமை உயிர்பெற்றது. அதற்கும் அடி விழுந்தது. குளத்தை மாட்டுச் சாணத்தாலும் கோமியத்தாலும் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கில் உயர் நீதிமன்றத்தின் வெற்றித் தீர்ப்பு வர 1937 ஆனது.

புதுவைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1745-ல் சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறைச்சேரி மக்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. சேரி மக்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதி வைத்தவர் நம் ஆள் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை. அந்தச் சுவர் விழுந்த இடத்தில் மண்டபம் இல்லை, அரசுச் சின்னத்திலும் அது இல்லை.

கிணறு, குளம், படித்துறையில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-வது பிரிவு. ஆனாலும் 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது.

ஆகவே தோழர்களே, ஆயி மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு நடை நடங்கள். உங்கள் ஊர்த் தொட்டி எங்கே நிற்கிறது, குழாய் எந்தத் தெருவோடு முடிகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் கேளுங்கள். நம் தண்ணீரின் வரலாற்றை நாமே எழுதத் தொடங்குவது அங்கிருந்துதான்.