புழுவெட்டில் புழு இல்லை: பிள்ளையின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்தால்

பள்ளிக்குத் தலை பின்னும்போது ஐம்பது காசு அளவில் வழுவழுப்பான ஒரு வட்டம் கண்ணில் படும். வலி, அரிப்பு எதுவும் இருக்காது. நம் வீடுகளில் இதைப் புழுவெட்டு என்கிறோம். மருத்துவத்தில் இதன் பெயர் அலோபேசியா அரியாட்டா. 2022 ஆஸ்கார் மேடையில் வில் ஸ்மித் கைநீட்டிய சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பெயர் பலருக்குத் தெரிய வந்தது.

எந்தப் புழுவும் முடியை வெட்டுவதில்லை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் வெள்ளை அணுக்கள், முடியின் வேர்ப்பையை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்குகின்றன. முடி விழுகிறது, ஆனால் வேர்ப்பை அழிவதில்லை. அதனால்தான் பல மாதங்களுக்குப் பிறகும் முடி திரும்ப வளர முடிகிறது. முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுப்பதும் உண்டு. ஒரே சீப்பு, தொப்பி, தலையணை எதனாலும் இது பரவாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கவோ தனியாக உட்கார வைக்கவோ காரணமே இல்லை.

தொற்றுவது வேறொன்று: தலையில் வரும் படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று. வீட்டுப் பூனையிடமிருந்தும் வரலாம். அதில் தோல் செதில் செதிலாக உரியும், அரிக்கும், முடி குட்டையாக ஒடிந்து நிற்கும். அதற்குப் பூசும் மருந்து மட்டும் போதாது, வாய்வழி மாத்திரை தேவை. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கிரீமைப் படர்தாமரையில் தடவினால் அது இன்னும் பரவும். இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிவது சிரமம். எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

சின்ன வெங்காயச் சாறு தேய்ப்பது நம்மவர்களிடம் பழைய வழக்கம். 2002-இல் ஈராக்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வு அதற்குச் சாதகமாகவே பேசியது. ஆனாலும் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பூண்டை அரைத்துக் கட்டுவது குழந்தையின் தோலைப் புண்ணாக்கிவிடும். மொட்டை அடிப்பதால் நோய் குணமாவதில்லை.

ஓரிரு வட்டங்களோடு நின்றுவிட்டால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வளர்கிறது. மிகச் சிறு வயதில் தொடங்குவது, பின்கழுத்து ஓரமாகப் பட்டைபோல் உதிர்வது, புருவமும் சேர்ந்து போவது, நகத்தில் குண்டூசி முனைபோல் குழிகள் விழுவது ஆகியவை கவலைக்குரியவை. குடும்பத்தில் தைராய்டு, வெண்புள்ளி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பூசும் ஸ்டீராய்டில்தான் சிகிச்சை தொடங்கும். தலையில் போடும் ஊசி வலிக்கும் என்பதால் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே அது. 12 வயதுக்கு மேற்பட்டோரின் கடுமையான பாதிப்புக்கு ரிட்லெசிட்டினிப் என்ற மாத்திரையை 2023 ஜூனில் அமெரிக்கா அங்கீகரித்தது. அது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, நிபுணரின் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது.

சுங்கை செம்பிலாங், ஜெராம் வட்டாரப் பெற்றோர் முதலில் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். வட்டம் தெரிந்த நாளிலிருந்து வாரம் ஒரு படம் கைப்பேசியில் எடுத்து வையுங்கள், வளர்கிறதா விரிகிறதா என்பதை மருத்துவர் பார்க்க உதவும்.

மருந்தைவிடப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் வகுப்பறையில்தான். கேலி தொடங்கும் முன்பே வகுப்பாசிரியரைச் சந்தித்து, இது தொற்று நோயல்ல என்று விளக்குங்கள். தொப்பியோ தலைத்துணியோ அணிய அனுமதி வேண்டுமென்றால், மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம்.