குட்டிக் கேமரா 'முழு'க் கேமரா ஆன வரலாறு

நம் சங்கத்து இளைஞர்கள் நான்கு பேர் சென்ற தீபாவளிக்கு மறுவாரம் என் ஜவுளிக் கடைக்கு வந்தார்கள். துணி எடுக்க வரவில்லை. தமிழ்நாட்டில் உள்ள சமணக் குகைகளையும் கற்படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் முறையாகப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். "மாமா, மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் வாங்கலாமா, இல்லை ஃபுல் ஃபிரேம் போதுமா? நாற்பது வருஷமா கேமராவைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறீங்களே, நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

அன்று கல்லாவில் கூட்டம். நான் சொன்ன பதில் அரைகுறை. அதன் முழு வடிவமே இக்கட்டுரை. விலைப்பட்டியலைப் பார்த்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. வரலாற்றைப் பார்த்தால் காணலாம்.

முழம் யாருடையது?

மாட்டுங்காவில் பூ வாங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று தெரியும். 'முழம்' என்ற பெயர் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். அளக்கிற கை நீளமா குட்டையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேமரா உலகிலும் அப்படியே. 'மீடியம்', 'ஃபுல்' என்பவை அளவின் பெயர்களே தவிர அளவுகள் அல்ல.

1901-இல் கோடாக் நிறுவனம் 120 என்ற எண்ணுடைய சுருள் ஃபிலிமை வெளியிட்டது. நூறாண்டு கடந்தும் அது இன்றும் விற்பனையில் உள்ளது. அதில் எடுக்கும் சதுரப் படம் சுமார் 56 மில்லிமீட்டருக்கு 56. அதைவிடப் பெரிய தகட்டுக் கேமராக்கள் அன்று இருந்தன. ஆகவே இது நடுத்தரம். 1929-இல் ஜெர்மனியின் ரோலிஃபிளெக்ஸ் இரட்டைக் கண் கேமராவும், 1948-இல் ஸ்வீடனில் விக்டர் ஹாசல்பிளாட் வெளியிட்ட கேமராவும் இந்த அளவுக்குப் பெரும் புகழ் தந்தன. நம் நாட்டில் விற்ற ஆக்ஃபா கிளிக் 3 கூட இதே 120 சுருளில் 12 சதுரப் படங்கள் எடுத்ததுதான். நம்மில் பலருடைய சிறுவயதுப் படம் மீடியம் ஃபார்மட்டில்தான் இருக்கிறது, நமக்குத் தெரியாமலே!

மற்றொரு பக்கம், வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் என்பவர் சினிமா ஃபிலிமை எடுத்தார். சினிமாப் படச் சட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அதை இரட்டித்து 24க்கு 36 ஆக்கி ஒரு சிறு கேமரா செய்தார். 1914 அளவில் மாதிரி உருவாகி, 1925-இல் லைக்கா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அக்காலத்தவர் அதை 'மினியேச்சர்', அதாவது குட்டிக் கேமரா என்றே அழைத்தார்கள்.

இரண்டுக்கும் நம் தலைநகரே சாட்சி. சுதந்திரத்தின் தொடக்க ஆண்டுகளை டில்லியில் பதிவு செய்த ஹோமாய் வியாராவாலா அம்மையாரின் கையில் ஸ்பீட் கிராஃபிக்கும் ரோலிஃபிளெக்ஸும் இருந்தன. 1948 ஜனவரியில் அதே டில்லியில் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை ஆன்றி கார்த்தியே-பிரெசோன் குட்டி லைக்காவால் எடுத்தார். இருவர் படங்களும் நின்றன. அளவு சிறிது என்பதற்காக வரலாறு எதையும் தள்ளிவிடவில்லை.

குட்டி 'முழு' ஆனது

டிஜிட்டல் வந்தபோது ஒளியை வாங்கும் சில்லைப் பெரிதாகச் செய்வது கடினமாக இருந்தது. சில்லு பெரிதாகப் பெரிதாகப் பழுது விழும் வாய்ப்பும் கூடும், விலையும் ஏறும். அதனால் 1999-இல் வந்த நிக்கான் டி1 போன்றவற்றில் சில்லு 24க்கு 16 மில்லிமீட்டர் அளவில்தான் இருந்தது. 2002-இல் கேனான் 1டிஎஸ் 11 மெகாபிக்சலுடன் ஏறத்தாழ 24க்கு 36 அளவை எட்டியது. பழைய ஃபிலிம் சட்டம் முழுவதும் கிடைத்துவிட்டது என்பதால் அதை 'ஃபுல் ஃபிரேம்' என்றார்கள். 1925-இன் குட்டி, 2002-இல் முழு ஆயிற்று. அளவு ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை!

மீடியம் ஃபார்மட்டுக்கு நடந்தது நேர்மாறு. 1990-களின் தொடக்கத்தில் வந்த லீஃப் டிஜிட்டல் பின்பெட்டி 4 மெகாபிக்சல். வண்ணப் படம் வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முறை எடுக்க வேண்டும். பிறகு 2010-இல் பென்டாக்ஸ் 645டி, 2016-இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017-இல் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் என்று வரிசையாக வந்தன. இவற்றின் சில்லு சுமார் 44க்கு 33 மில்லிமீட்டர். வியாபாரிப் புத்தி, நான் பெருக்கிப் பார்த்தேன். ஃபுல் ஃபிரேம் 864 சதுர மில்லிமீட்டர். இந்த மீடியம் சுமார் 1440. பழைய 120 சதுரம் 3136. அதாவது பெயர் 'மீடியம்' என்றே இருக்க, அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. ஃபிலிம் காலத்தில் இரண்டுக்கும் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்; இன்று ஒன்றே முக்கால் மடங்குகூட இல்லை.

இன்னொன்று. 2019-இல் வந்த 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ் 100-லும், அதே ஆண்டில் வந்த 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4-லும் ஒவ்வொரு புள்ளியின் அகலமும் ஒன்றே: 3.76 மைக்ரான். ஜவுளிக்காரன் பாஷையில் சொன்னால், அதே நூல், அதே நெசவு, பன்னாதான் அகலம். படத்தின் நீளப் பக்கத்தில் 9504 புள்ளி 11648 ஆகிறது. பெரிய சில்லு ஒளியைக் கூடுதலாக வாங்கும், உண்மை. ஆனால் முன்னிருந்து பின்வரை ஒரே தெளிவு வேண்டுமென்றால் பெரிய சில்லில் லென்ஸின் கண்ணை இன்னும் சுருக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமில் எஃப் 8 வைத்தால், மீடியத்தில் எஃப் 10. கூட வாங்கிய ஒளி அங்கே கழிந்துவிடும்.

மூன்று நெகட்டிவ்

இனி என் கதை ஒன்று. 1986-இல் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்று ஒன்றில் கற்படுக்கைகளையும், தலைமாட்டில் ஒரு வரிக் கல்வெட்டையும் பார்த்தேன். கையில் யாஷிகா இரட்டைக் கண் கேமரா. உள்ளே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். பன்னிரண்டில் ஒன்பது படம் முதல் நாள் கோயில் திருவிழாவிலேயே செலவாகிவிட்டது. மீதி மூன்றையும் நடுப்பகலில் எடுத்தேன். அடுத்த தடவை நிதானமாக வரலாம் என்று இறங்கிவிட்டேன்.

அடுத்த தடவை என்பது 1998 ஆகிவிட்டது. குன்றின் அந்தப் பக்கமே இல்லை. ஜல்லி உடைத்து லாரியில் போய்விட்டது.

அந்த மூன்று நெகட்டிவையும் பின்னாளில் நல்ல இடத்தில் கொடுத்து ஸ்கேன் செய்தேன். கருங்கல்லின் பரல்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. எழுத்துதான் படிக்க முடியவில்லை. உச்சி வெயிலில் வெட்டுப் பள்ளங்களுக்கு நிழலே விழவில்லை. பெரிய நெகட்டிவ் கல்லைக் காப்பாற்றிக் கொடுத்தது, சொல்லைக் காப்பாற்றவில்லை. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் சாதாரணக் குட்டிக் கேமரா அதைச் செய்திருக்கும். இந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கல்வெட்டுக்கு வேண்டியது சாய்வொளியும் திரும்பத் திரும்பப் போவதும்தான். ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003-இல் வெளியிட்ட தமிழ்-பிராமி பெருநூலின் பலமே, குகைதோறும் நேரில் சென்று மீண்டும் படித்ததில் இருக்கிறது. 2001-இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் ஒரு முறையை வெளியிட்டார்கள். கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், பிறகு கணினியில் ஒளியை எந்தப் பக்கத்திலிருந்தும் சாய்த்துப் பார்க்கலாம். தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும். இதற்கு ஒரே ஒரு பெரிய படத்தைவிட ஐம்பது சிறிய படம் மேல்.

ஜெலட்டின்

சமணனாகப் பிறந்தவன் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1871-இல் ரிச்சர்ட் மாடாக்ஸ் ஜெலட்டின் தகட்டை அறிவித்ததிலிருந்து ஃபிலிமின் பூச்சு மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலட்டின்தான். அருகன் திருவுருவத்தை இத்தனை வருஷம் அதில்தான் எடுத்தேன் என்று ஐம்பது வயதுக்குப் பிறகே அறிந்தேன். 35 மி.மீ. சுருளுக்கும் 120 சுருளுக்கும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. அதில் 36 படம், இதில் 12. ஆக, பெரிய படம் ஒவ்வொன்றுக்கும் மும்மடங்கு. டிஜிட்டல் வந்ததில் எனக்கு உண்டான நிம்மதி மெகாபிக்சலால் வந்ததல்ல.

என் தீர்ப்பு

தம்பிமார்களே, ஃபுல் ஃபிரேம் வாங்குங்கள். நல்ல மேக்ரோ லென்ஸ் ஒன்று, உறுதியான முக்காலி ஒன்று, கையில் பிடித்துச் சாய்க்கும் விளக்கு இரண்டு. கழுகுமலையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களுக்கும் குகைக் கல்வெட்டுகளுக்கும் இது போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வாங்கிவிடுங்கள்.

மீடியம் ஃபார்மட் வேண்டவே வேண்டாமா? வேண்டும், சில நாளைக்கு. சித்தன்னவாசலின் தாமரைக் குளம், திருப்பருத்திக்குன்றத்து விதான ஓவியங்கள் போன்ற தட்டையான, வண்ணம் நுட்பமான, பெரிய பரப்புகளுக்கு அகலப் பன்னா உண்மையில் உதவும். அதற்கு வாடகைக்கு எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் படங்களை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். மீதி ரயில் கட்டணம். மிகுபொருள் விரும்பாமை நம் விரதங்களில் ஒன்று. கேமராவுக்கும் அது பொருந்தும்.

இன்னும் சந்தேகமா? 1969-இல் நிலவில் இறங்கியவர்கள் கொண்டுபோனது மீடியம் ஃபார்மட் ஹாசல்பிளாட். மறுபடி நிலவில் இறங்குவதற்கான கேமராவுக்கு 2024-இல் நாசா ஒப்பந்தம் செய்தது நிக்கானுடன். அடிப்படை இசட்9 என்னும் ஃபுல் ஃபிரேம். குட்டி அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் சதுர நெகட்டிவ்கள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். உங்கள் தாத்தாவுக்குப் பின்னால் நிற்கும் குன்று இன்று இல்லாமல் போயிருக்கலாம். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் வாங்கப்போகும் புதுக் கேமராவின் முதல் வேலை அவற்றைப் பிரதி எடுப்பதாக இருக்கட்டும். என்னுடைய மூன்றையும் முதலில் தருகிறேன்.