உட்கார்ந்து வெட்டும் இயந்திரம்

பழைய கார்களைச் சேகரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். பழைய புல்வெட்டி இயந்திரங்களைத் தேடித்தேடிச் சேகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிலும் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வகைக்குத் தனி மவுசு. இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. 1973இல் சஸ்ஸெக்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கார் பந்தயம் ஓடக் காசில்லாத சிலர் புல்வெட்டியிலேயே பந்தயம் விட ஆரம்பித்தார்கள். கத்தியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்களாம், நல்லவேளை.

சிங்கப்பூரில் இந்தப் பித்து யாருக்கும் பிடிக்க வழியில்லை. பெரும்பாலோர் வீவக அடுக்குமாடிகளில் இருக்கிறோம். பத்தாவது மாடியில் புல்லுக்கு எங்கே போவது? கீழே இருக்கிற புல் நகர மன்றத்தின் பொறுப்பு. ஆனால் இந்த ஊர்ப் புல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்மவர்கள் கை கொஞ்சம் அதிகம்.

முதல் புல்வெட்டிகள் மாடுகள்தாம். தேக்காவில் பஃபலோ ரோடு, அதற்குப் பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஒரே விலங்குக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு! தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்த இடம் என்பதால் சிராங்கூன் சாலையோரம் மாட்டு வியாபாரம் செழித்தது. தமிழ்ப் பால்காரர்களும் வண்டிக்காரர்களும் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். சற்றுத் தள்ளி ஃபேரர் பார்க்கில் 1843 முதல் குதிரைப் பந்தயம். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். குதிரைகள் 1933இல் புக்கித் தீமாவுக்குப் போய்விட்டன, பெயர் மட்டும் போகவில்லை.

இயந்திரம் பிறந்தது வேறு சூழலில். எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, இதே சுழல் கத்தி புல்லையும் சீவுமே என்று யோசித்து 1830இல் காப்புரிமை வாங்கினார். பிறகு மட்டக்குதிரை இழுக்கும் புல்வெட்டி வந்தது. குளம்பு புல்தரையில் பதியாமலிருக்க அதற்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். 1902இல் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி புறநகர் வீடுகளில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. தன் வீடு, தன் புல்தரை, ஞாயிற்றுக்கிழமை காலை, தானே ஓட்டும் வண்டி. சேகரிப்பவர்கள் ஏங்குவது இந்தக் காட்சிக்காகத்தான் என்று நினைக்கிறேன். எண்ணெய் வாசனையோடு சேர்ந்து வருவது அப்பாவின், தாத்தாவின் ஞாபகம்.

சிங்கப்பூரில் மாட்டிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய கதை வேறு மாதிரி. லீ குவான் இயூ தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார்: 1964 நவம்பரில் ஒருநாள் காலை, நகர மண்டபத்து அலுவலக ஜன்னல் வழியே பார்த்தால், பாடாங்குக்கு அப்பால் எஸ்பிளனேடில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சில நாள்களுக்குப் பிறகு ஒரு வழக்கறிஞர் காரில் மாட்டின்மேல் மோதி இறந்தார். ஓட்டிவந்தவர்கள் இந்திய மாட்டுக்காரர்கள். 1965 ஜனவரி 31 வரை அவகாசம். அதன்பிறகு அவிழ்த்துவிட்ட மாடெல்லாம் கசாப்புக்கூடத்துக்கு, இறைச்சி ஆதரவு இல்லங்களுக்கு. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 53 மாடுகள் போயின. அவருக்கு அது ஒழுங்கின் கதை. உயிர்ப்பலி நடந்த சாலை என்பதால் அதை மறுக்கவும் முடியாது. ஆனால் அந்த 53 மாட்டுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள் இல்லையா? கறவை போனால் பிழைப்பு போச்சு. அவர்கள் தரப்பை அந்தப் பக்கம் சொல்லவில்லை.

மாடு போனதும், புல் வளர்வதை நிறுத்தவா செய்யும்? 1967இல் பூந்தோட்ட நகரத் திட்டம் வந்தது. சாலையோரமெல்லாம் புல். வருஷம் முழுக்க மழையும் வெயிலும். வெட்டி முடிப்பதற்குள் ஆரம்பித்த இடம் வளர்ந்து நிற்கும். பாடாங் போன்ற திறந்த சமதரைக்கு உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் சரிப்படும். சாய்வு, சாக்கடை ஓரம், மரத்தின் வேர் இதற்கெல்லாம் அது உதவாது. அங்கே வேண்டியது முதுகில் மாட்டும் இயந்திரம். 1971இல் ஹூஸ்டன்காரர் ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்துக் கண்டுபிடித்த நைலான் நரம்பு வெட்டி அதற்கு நெருங்கிய உறவு. பட்டிங்குக்குத் துணி ஆலை, இவருக்குக் கார் கழுவுமிடம். புல்லைப் பார்த்துப் புல்வெட்டி கண்டுபிடித்தவர் யாருமில்லை போலும்!

இந்த முதுகு இயந்திரத்தைச் சுமப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. நீங்களும் பார்த்திருப்பீங்க: முகத்தை மூடிய துணி, கண்ணாடி, கால் உறை. கல் தெறித்துக் காரில் படாமலிருக்க இன்னொருவர் வலைத்தடுப்பைப் பிடித்தபடி கூடவே நகர்வார். பத்துக் கிலோ சுமையோடு நாள் முழுக்க அந்த அதிர்வு. சாயங்காலம் லாரியின் பின்னால் இயந்திரங்களும் ஆட்களும் ஒன்றாகவே ஏறுகிறார்கள்.

வெட்டுகிறவருக்குச் சொந்தமாக இங்கே புல்தரை கிடையாது, இயந்திரமும் கம்பெனியுடையது. அதனால்தான் இதைப் பழம்பொருளாக எடுத்துவைக்க ஒருவரும் இல்லை என்று தோன்றுகிறது. பழுதானால் இரும்புக்கடைக்குப் போகும். 2015இல் கேம்பல் லேனில் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், முதுகுவார் நைந்துபோன ஒன்றை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்களில் மாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது, மாட்டுக்காரருக்குப் பிறகு வந்தவருக்கும் கிடைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய திடல்களில் இவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே இருப்பது பெரும்பாலும் அகன்ற இலையுள்ள, மிதித்தாலும் சாகாத புல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. சிங்கப்பூரில் அதை இன்னும் மாட்டுப்புல் என்றுதான் சொல்கிறார்கள்.