கோஹென்: ஒரு குடும்பப்பெயரின் தந்தைவழி வரலாறு

இஸ்ரேலில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் கோஹென். அதற்கு அடுத்தது லேவி. எருசலேம் ஆலயத்தில் பலி செலுத்தும் உரிமை பெற்றிருந்த ஆசாரியரை எபிரேயர் கோஹென் என்றனர். அந்த உரிமை மோசேயின் அண்ணன் ஆரோனுக்கும் அவன் ஆண்வழி வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது என்கிறது யாத்திராகமம். யூத மரபில் ஒருவர் பிறப்பால் யூதராவது தாயை வைத்து. கோஹென் ஆவது தந்தையை வைத்து. ஒய் குரோமோசோம் செல்லும் பாதையும் இதுவே. தந்தையிடமிருந்து மகனுக்கு, பெரும்பகுதி கலப்பின்றி அது இறங்குகிறது. ஒரு சமூக விதியும் ஓர் உயிரியல் விதியும் இப்படி ஒரே தடத்தில் செல்வது அரிது. குடும்பப்பெயர்களைப் பற்றிய மரபணு ஆய்வுகளில் இந்தப் பெயருக்குத் தனி இடம் கிடைத்தது அதனால்தான்.

ஆய்வுகள் வெளிவந்தபோது ஆரோனின் மரபணு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. பின்னர் அவற்றில் குறைகள் தெரிந்ததும் எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இரு தரப்பும் அவசரப்பட்டுவிட்டன என்றே நான் கருதுகிறேன். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பல திசைகளில் சிதறிப்போவோம். பெயருக்கு முன்பே இருந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால், அதன் அடியில் தொன்மையான ஓர் ஆண்வழி இருப்பது தெரியவருகிறது.

வழக்கம் பெயரைவிட மிகப் பழையது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிச் சொல்லும் எஸ்றா நூலில், வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாத மூன்று குடும்பத்தார் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்ட செய்தி வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஜோசிபஸ் தாமே ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசாரியர்களின் திருமணப் பதிவுகள் எருசலேமில் காக்கப்பட்டன என்றும், எகிப்திலும் பாபிலோனிலும் வாழ்ந்த ஆசாரியர்கள்கூடத் தம் விவரங்களை அங்கே அனுப்பிவந்தனர் என்றும் அவர் குறித்திருக்கிறார். வம்சக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பு காட்டிய சமூகங்கள் பழங்காலத்தில் அதிகம் இல்லை.

கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை அழித்தது. பலிபீடம் போனபின் ஆசாரியருக்குப் பணி இல்லை. ஆனால் தகுதி போகவில்லை. மரபு வழுவாத தொழுகைக்கூடங்களில் இன்றும் தோரா வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுபவர் கோஹென், இரண்டாவது, ஆலயத்தில் ஆசாரியருக்குத் துணைநின்ற லேவி குலத்தைச் சேர்ந்த லேவியர். தலைச்சன் ஆண்பிள்ளையை மீட்கும் சடங்கில் ஐந்து வெள்ளிக் காசுகளைப் பெறுபவரும் கோஹெனே. கட்டுப்பாடுகளும் உண்டு. விவாகரத்தான பெண்ணை அவர் மணக்கலாகாது. மிக நெருங்கிய உறவினர் இறந்தாலன்றி இடுகாட்டுக்குள் போகலாகாது. பிராகா நகரின் பழைய யூத இடுகாட்டில் சில கற்களில் விரல்களைப் பிரித்து விரித்த இரு கைகள் செதுக்கப்பட்டிருக்கும். கோஹென் ஆசி வழங்கும்போது கைகளை வைத்துக்கொள்ளும் விதம் அது. லேவியரின் கல்லில் கைகளுக்குப் பதில் நீர்க்குடுவை இருக்கும். ஊதியமோ அதிகாரமோ இல்லாமல், திருமணத்திலும் துக்கத்திலும் தடைகளைச் சுமத்தும் ஒரு தகுதியைப் பொய்யாகக் கோர ஆள் குறைவு. வழி பெரிதும் காக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குடும்பப்பெயர் என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் கிடைத்த இடைக்கால ஆவணங்களில் 'ஹா-கோஹென்' என்பது இயற்பெயரோடு சேரும் பட்டமாகவே வருகிறது. ஐரோப்பிய அரசுகள்தாம் வரிக்காகவும் படைக்கு ஆள் எடுப்பதற்காகவும் நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கின. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணை 1787இல் வந்தது. ரஷ்யப் பேரரசின் சட்டம் 1804இலும், நெப்போலியனின் ஆணை 1808இலும் வந்தன. அப்போது பட்டம் பெயராகப் பதிவாயிற்று. அதுவும் ஒரே பெயராக அல்ல. ஜெர்மன் பேசிய நாடுகளில் கோன், கான் என்றும், 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்தில்லாத ரஷ்ய மொழியில் ககன், கோகன் என்றும் எழுதப்பட்டது. 'நீதியுள்ள ஆசாரியன்' என்னும் பொருள்படும் எபிரேயத் தொடரின் சுருக்கமே காட்ஸ். காப்லான், ராப்பபோர்ட் என்ற பெயர்களும் பெரும்பாலும் ஆசாரிய மரபினருடையவை.

ஆகவே கோஹென் எல்லாரும் கோஹென் என்ற பெயரோடு இல்லை. அந்தப் பெயரோடு ஒலிப்பவர் எல்லாரும் கோஹெனும் இல்லை. அமெரிக்க நாடகமேடையின் புகழ்பெற்ற ஜார்ஜ் எம். கோஹன் அயர்லாந்துக் கத்தோலிக்கர்; அவர் பெயர் கியோஹேன் என்ற ஐரியப் பெயரிலிருந்து வந்தது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்த லூயி கான் பிறக்கும்போது ஷ்முயிலோவ்ஸ்கி குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகே தந்தை கான் என்று மாற்றிக்கொண்டார். மறுபக்கம், கனடாவின் பாடகர் லெனார்டு கோஹென் ஆரோன் வழியினர் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர். 2009 செப்டம்பரில் இஸ்ரேலின் ரமத் கான் விளையாட்டரங்கில் கச்சேரியை முடிக்கும்போது கைகளை உயர்த்தி ஆசாரிய ஆசியை எபிரேயத்தில் சொன்னார். இந்த மூவரையும் குடும்பப்பெயரை மட்டும் வைத்து ஒரு பட்டியலில் அடைத்தால் ஆய்வு தொடங்கும் முன்பே கெட்டுவிடும். நல்லவேளையாக ஆய்வாளர்கள் பெயரைக் கேட்கவில்லை. தந்தை வழியாக நீங்கள் கோஹென் மரபா என்று கேட்டார்கள்.

இக்கேள்வியை எழுப்பியவர் கார்ல் ஸ்கோரெக்கி என்ற சிறுநீரக மருத்துவர். தொழுகைக்கூடத்தில் தோரா வாசிக்க எழுந்த ஒருவர் வட ஆப்பிரிக்க யூதர், ஸ்கோரெக்கியின் குடும்பமோ கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தது, இருவரும் கோஹென். தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்ட இருவருக்கும் ஒரே முப்பாட்டன் உண்டென்றால் ஒய் குரோமோசோமில் அதன் தடம் இருக்க வேண்டுமே என்று எண்ணினார். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹேமர் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1997 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குறுங்கட்டுரையில் 188 யூத ஆண்களின் முடிவுகள் இருந்தன. ஒய் குரோமோசோமில் சிலரிடம் மட்டும் காணப்படும் 'யாப்' என்ற செருகல், ஆசாரியரல்லாத யூதரில் 18 விழுக்காட்டினருக்கு இருந்தது, ஆசாரியரில் 1.5 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஐரோப்பிய யூதர், ஸ்பானிய வழி யூதர் என்று பிரித்துப் பார்த்தாலும் இந்த வேறுபாடு மாறவில்லை.

அடுத்த ஆண்டு மார்க் தாமஸ், டேவிட் கோல்ட்ஸ்டீன் ஆகியோர் சேர்ந்த குழு இன்னும் நுட்பமாகப் பார்த்தது. ஒய் குரோமோசோமின் சில இடங்களில் மூன்று அல்லது நான்கு வேதி எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை தலைமுறைகளில் எப்போதாவது ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும். அத்தகைய ஆறு இடங்களில் எண்ணியபோது, ஆசாரியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வரிசை வந்தது: 14, 16, 23, 10, 11, 12. இரண்டாவதாக உள்ள 16ஐக் கவனிக்க வேண்டும். டிஒய்எஸ்388 என்ற அந்த இடத்தில் ஐரோப்பியரிடம் பெரும்பாலும் 12 வரும். 15, 16 போன்ற உயர்ந்த எண்கள் மேற்காசியாவில் வேரூன்றிய ஜே என்னும் ஹாப்லோகுழுவின், அதாவது ஒரே ஆண்வழி மூதாதையிலிருந்து பிரிந்த கிளையின், அடையாளம். மற்ற யூதரிடம் இவ்வரிசை பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பொது மூதாதை 2,100 முதல் 3,250 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் என்று கணித்தார்கள். பாபிலோன் சிறையிருப்புக்கு முந்தைய முதலாம் ஆலயக் காலம் இந்த எல்லைக்குள் அடங்குவதால் பரபரப்பு கூடியது.

குறை இங்கேதான் இருந்தது. ஆறு இடங்கள் போதவில்லை. அதே ஆறு எண்கள் யூதரல்லாத மேற்காசிய மக்களிடமும் கிடைத்தன. ஜே குழுவின் இரு பெரும் கிளைகளான ஜே1, ஜே2 இரண்டிலும் தற்செயலாக அதே வரிசை உருவாகக்கூடும் என்பதும் தெரிந்தது. ஹேமரும் ஸ்கோரெக்கியும் 2009இல் 215 ஆசாரியரைக் கொண்டு, எண்ணும் குறியிடங்களை இரட்டிப்பாக்கி, மீண்டும் ஆராய்ந்தார்கள். ஆசாரியரிடையே 21 ஹாப்லோகுழுக்கள் இருந்தன. அவர்களில் 46 விழுக்காட்டினர் ஜே-பி58 கிளை, 14 விழுக்காட்டினர் ஜே-எம்410 கிளை. பன்னிரண்டு இடங்களும் ஒத்துவரும் விரிந்த வரிசை ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் இருந்தது. யூதரல்லாதாரிடம் அது காணப்படவில்லை என்றே சொல்லலாம். அதன் காலம் 3,190 ஆண்டுகள். கூடவோ குறையவோ 1,090 ஆண்டுகள் விலகலாம். 1998 ஆய்வின் பாதி, முப்பது விழுக்காடாகச் சுருங்கியது. ஆனால் சான்று உறுதிப்பட்டது.

முப்பது விழுக்காடு குறைவு என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூவாயிரம் ஆண்டுகள் என்பது சுமார் நூறு தலைமுறை. தத்து, மறைவான பிறப்பு, பொய்க்கோரல் என எதனாலோ தலைமுறைக்கு நூற்றில் ஒருவருக்கு வழி முறிந்தால், நூறு தலைமுறைக்குப் பின் மூல வழியில் எஞ்சுவோர் 37 விழுக்காடு. நூற்றில் ஐந்து முறிந்தால் எஞ்சுவது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே சிதறுண்ட ஒரு மக்கள்கூட்டத்தில் முப்பது விழுக்காடு எஞ்சியிருப்பது அபாரமான செய்தி. அதே சமயம் மற்ற எழுபது விழுக்காட்டினரும் தலைமுறை தலைமுறையாகக் கோஹென்களாகவே வாழ்ந்து, அதே தடைகளை ஏற்று, அதே ஆசியை வழங்கி வந்தவர்கள். அவர்களைப் போலிகள் என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது, நியாயமும் இல்லை.

லேவியரின் கதை வேறு. 2003இல் வந்த ஆய்வில் ஐரோப்பிய அஷ்கெனாசி லேவியரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆர்1ஏ குழுவினர் என்று தெரிந்தது. கிழக்கு ஐரோப்பியர் யாரோ இடையில் கலந்ததன் விளைவு என்று முதலில் ஊகித்தார்கள். அது மேற்காசியாவில் தோன்றிய தனிக் கிளை என்று 2013இல் வந்த வேறோர் ஆய்வு காட்டியது.

கோஹென் வரிசை யூதருக்கு வெளியேயும் தேடப்பட்டது. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே நாடுகளில் வாழும் லெம்பா மக்கள் பாண்டு மொழி பேசுபவர்கள். விருத்தசேதனம் செய்வார்கள், பன்றி இறைச்சி தொடமாட்டார்கள். தங்கள் முன்னோர் சேனா என்ற இடத்திலிருந்து கடல் கடந்து வந்தார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். 2000இல் வந்த ஆய்வில் 136 லெம்பா ஆண்களில் 8.8 விழுக்காட்டினரிடம் அந்த ஆறிடக் கோஹென் வரிசை இருந்தது. மூத்த குலமாகிய பூபா குலத்தினர் 13 பேரில் 7 பேரிடம் இருந்தது. உலகமே வியந்தது. மரபியலாளர் ஹிம்லா சூடியால் 2013இல் விரிந்த வரிசையைக் கொண்டு சோதித்தபோது அது லெம்பாக்களிடம் அநேகமாக இல்லை. கடல் கடந்து வந்த மேற்காசிய ஆண்வழி என்ற அளவில் அவர்களது வாய்மொழி மரபு நிற்கிறது. ஆசாரிய வழி என்ற கூற்றை இந்தச் சான்று தாங்கவில்லை.

நாப்லஸ் அருகே கெரிசிம் மலையில் வாழும் சமாரியர்களும் தங்களை இஸ்ரவேல் வழியினர் என்றே கொள்பவர்கள். அவர்களுடைய பழைய தலைமை ஆசாரியர் வழி 1624இல் அற்றுப்போக, கோஹென் என்ற லேவியக் குடும்பம் அப்பதவியை ஏற்றது. இன்றும் அக்குடும்பத்து மூத்த ஆணே தலைமை ஆசாரியர். 2004இல் வெளிவந்த ஆய்வில் மற்றச் சமாரியக் குடும்பங்கள் ஜே குழுவிலும், இந்தக் கோஹென் குடும்பம் மட்டும் ஈ-எம்78 குழுவிலும் இருந்தன. யூதக் கோஹென்களின் பெருவழியோடு அவர்களுக்கு ஆண்வழித் தொடர்பு இல்லை. பஸ்கா ஆட்டை மலைமேல் பலியிடும் வழக்கத்தை மட்டும் இவர்கள் தலைமையில் அச்சமூகம் இன்றுவரை விடவில்லை.

மரபணுச் சோதனை நிறுவனங்கள் இப்போது இந்தியாவிலும் எச்சிலை வாங்கிக்கொண்டு வம்ச அறிக்கை தருகின்றன. அறிக்கை கைக்கு வந்ததும் மூதாதையின் பெயரைத் தேடாதீர்கள். எத்தனை குறியிடங்களைப் பார்த்தார்கள், எந்தக் கிளைவரை பிரித்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லும்.