தனபால் கணேஷ்: கோல் கணக்கில் வராத உழைப்பு

தனபால் கணேஷ் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்து வீரர். 1994-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். தற்காப்பு நடுக்கள வீரராக ஆடியவர். 2017–18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் முக்கியப் பங்கு வகித்தார்.

வியாசர்பாடியிலிருந்து

வடசென்னையின் வியாசர்பாடி, உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. கால்பந்து அங்கு தெரு விளையாட்டாகவே வேரூன்றியது. அதனால் பத்திரிகைகள் அதைக் 'குட்டி பிரேசில்' என்று எழுதுவதுண்டு. கணேஷ் அப்பகுதியிலிருந்து வந்தவர். இளம் வீரர்களை வளர்ப்பதற்காக அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தொடங்கிய பைலான் ஆரோஸ் அணியில் அவருடைய தொழில்முறை வாழ்க்கை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் பெரிய தொழில்முறை அணி இல்லாத காலம் அது. ஆகவே, தொடக்க ஆண்டுகளில் வெளிமாநில அணிகளுக்கே அவர் ஆட வேண்டியிருந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கென்று ஓர் அணி பிறந்தது.

தற்காப்பு நடுக்கள வீரரின் வேலை

இந்த வீரர் தம் அணியின் பின்கள வீரர்களுக்கு முன்னால் நிற்பார். எதிரணி பந்தைக் கொண்டுவரும் வழியை அடைப்பது, இடையில் புகுந்து பந்தைப் பறிப்பது, பறித்த பந்தைத் தவறாமல் தம் அணி வீரரிடம் சேர்ப்பது ஆகிய மூன்றும் அவர் வேலை. சக வீரர் முன்னேறிச் சென்றால் காலியாகும் இடத்தையும் அவரே காக்க வேண்டும். இவற்றில் எதுவும் கோல் கணக்கில் ஏறாது. வேலை சரியாக நடந்தால் எதிரணியின் தாக்குதல் தொடங்குமுன்பே முடிந்துவிடும். பார்வையாளர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும்.

2018 மார்ச்

2017–18 பருவத்தில் ஜான் கிரெகரியின் பயிற்சியில் சென்னை அணி 18 ஆட்டங்களில் 32 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடம் பிடித்தது. அரையிறுதியில் எதிர்கொண்டது கோவா அணியை. அந்த அணியின் கோரோமினாஸ் அப்பருவத்தில் 18 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர். கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. மார்ச் 13 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் இரண்டாம் ஆட்டம். 26-ஆம் நிமிடத்தில் ஜேஜே கோல் அடித்தார். மூன்றே நிமிடம் கழித்து கணேஷ் இரண்டாவது கோலை அடித்தார். ஜேஜே கடைசியில் இன்னொன்றும் சேர்க்க, சென்னை 3–0 என வென்றது. கோல் மழை பொழிந்த கோவாவால் அன்று ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. கோலைத் தடுப்பதே வேலையாகக் கொண்டவர் அன்று ஒரு கோலும் அடித்தார்.

இறுதி ஆட்டம் மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், பெங்களூரு அணிக்கு எதிராக அதன் சொந்த மண்ணிலேயே நடந்தது. சென்னையிலிருந்து அங்கு செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகிறது. ஓசூருக்குச் சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால். பெங்களூருவோ சுமார் 40 கிலோமீட்டர்தான். எல்லையோரத் தொழில் நகரமான ஓசூருக்கு இந்த லீக்கின் மிக அருகிலுள்ள அரங்கமும் கண்டீரவாவே.

ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி பெங்களூருவுக்கு முதல் கோலை அடித்தார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று எனச் சென்னை மூன்று கோல்களைத் திருப்பி அடித்தது. இறுதி நேரத்தில் மிக்கு ஒன்று போட்டும் 3–2 என வெற்றி சென்னைக்கே. நடுக்களத்தில் பிக்ரம்ஜித் சிங்குடன் நின்று காத்தவர், அப்போது 23 வயதான கணேஷ்.

காயமும் அடுத்த பருவமும்

அடுத்த பருவம் தொடங்குமுன் முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் பெரும்பாலான ஆட்டங்களை கணேஷ் இழந்தார். 2018–19-இல் நடப்பு வெற்றியாளரான சென்னை அணி 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று, 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குச் சரிந்தது. இதற்கு ஒருவர் இல்லாதது மட்டுமே காரணம் என்பது சரியாகாது. ஹென்ரிக் செரெனோ, ரெனே மிகெலிச் போன்றவர்களும் அணியைவிட்டுப் போயிருந்தனர். ஆயினும் முந்தைய ஆண்டு எதிரணிகளை வழிமறித்த நடுக்களம் அந்த ஆண்டு திறந்து கிடந்தது உண்மை.

காயம் ஆறித் திரும்பிய பிறகு கணேஷுக்குப் பழைய அளவு வாய்ப்புகள் கிடைக்கவில்லை. தொழில்முறைக் கால்பந்தில் ஒருவருடைய உச்சம் இரண்டு மூன்று பருவங்களுக்குள் முடிந்துவிடலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மதிப்பீடு

முன்கள வீரரின் வாழ்க்கையைக் கோல் எண்ணிக்கையால் எழுதிவிடலாம். நடுக்கள வீரருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. கணேஷின் பங்கை அறிய இரண்டு பருவங்களின் புள்ளிப் பட்டியலை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: அவர் ஆடிய ஆண்டில் 32, பெரும்பாலும் ஆடாத ஆண்டில் 9. பள்ளி அணியில் கோல் அடிக்கும் இடத்துக்கே எல்லோரும் போட்டியிடும்போது, நடுவில் நிற்கச் சொல்லப்படும் மாணவர் நினைவில் கொள்ள வேண்டிய எண்கள் இவை.